தலைப்பக்கத்துக்கு ஒரு பலகை

பாதித் தோட்டம் இறங்கி வந்த பிறகுதான், இனித் திரும்பி ஏறப் போவதில்லை என்பது எனக்கே நிச்சயமாயிற்று. சட்டைப் பையில் நானாவின் போன் இருந்தது. சார்ஜ் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் தந்தது. மேலே மின்சாரம் இல்லை. மண் சரிந்தபோது கம்பமும் சேர்ந்து போயிருந்தது. பலாபத்வலையில் ஏதாவது ஒரு கடையில் போனைப் போட்டுவிட்டு, பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். ஆனால் என் துணிப்பை தோளில் கிடந்தது. பாண் வாங்கப் போகிறவனுக்கு மாற்று உடுப்பு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார்.

“கீழ வழுக்கும் மவன். ஓரமாப் போ.”

அவ்வளவுதான். இறப்பர் மரங்களுக்கு நடுவே ஓரமாகவே இறங்கினேன்.

நான் இப்படிப் பல இடங்களை விட்டு நடந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு கல்லுடைக்கிற இடம், பேக்கரி, தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்குகிற வேலை. எங்கேயும் சொல்லிக்கொண்டு போனதில்லை. விட்டுப்போன இடத்தில் யாரும் தேடியதுமில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நானாவிடமிருந்து இறங்கி வந்த அன்றுதான் முதுகுப் பக்கம் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

அவர் தம்புள்ளையில் ஒரு மொதலாளியின் பெரிய லொறியை ஓட்டினார். நான் கூடப் போகிற ஆள். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். லொறிப் பட்டறையில் சிங்களவர், தமிழர் எல்லாருக்குமே அவர் நானாதான், அதாவது அண்ணன். பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

அந்த லொறிக்கு முதுகில் சுமை ஏற்ற இடம் கிடையாது. பின்னால் கனத்த இரும்புத் தட்டு ஒன்று மட்டும் இருக்கும். டிரெய்லரின் மூக்கு அந்தத் தட்டில் வந்து உட்காரும், மூக்கின் அடியில் இருக்கும் முளை தட்டின் பூட்டுக்குள் விழும். டிரெய்லருக்குச் சக்கரமெல்லாம் பின்னால்தான். முன்னால் இரண்டு கால்கள், கைப்பிடியைச் சுற்றி இறக்குவது. லொறியைக் கழற்றிவிட்டால் முன்பாரம் முழுவதையும் அந்த இரண்டு கால்கள்தான் தாங்க வேண்டும்.

மற்ற டிரைவர்கள் கால்களை இறக்குவார்கள், பூட்டைத் திறப்பார்கள், ஒரே இழுப்பில் போய்விடுவார்கள். நானா பூட்டைத் திறந்ததும் லொறியை ஒரு முழம் மட்டும் முன்னால் நகர்த்துவார். அப்போது முளை விட்டிருக்கும், தட்டு மட்டும் மூக்கின் அடியிலேயே இருக்கும். அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, குந்தியிருந்து கால்களைப் பார்ப்பார். மண்ணுக்குள் இறங்குகிறதா, சாய்கிறதா. டீ முடிந்தால்தான் லொறியை வெளியே எடுப்பார். பட்டறை வாசலில் பின்னால் நிற்கிறவர்கள் ஹோர்ன் அடித்துக் கொல்லுவார்கள்.

“என்ன நானா, தாலாட்டு பாடிக்கிட்டு இருக்கீங்களா?”

“ஓம். இப்பத்தான் கண்ணு மூடுது. நீ கத்தி எழுப்பிப்புடாத.”

முதல் மாதம் எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அவர் டிரெய்லரோடு மட்டும் அப்படி இல்லை. எதையும் அது தானாக நிற்கிறவரை விட்டுவிட்டு வர அந்த மனுசனுக்கு முடியாது.

ஒரு நாள் நாலந்தாவுக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு வளைவில் தேங்காய் லொறி குடைசாய்ந்து கிடந்தது. டிரைவர் சின்னப் பொடியன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தான். நானா எங்கள் லொறியை வளைவுக்கு முன்னால் நிறுத்தி, மரக்கிளை முறித்துப் போட்டு, வருகிற வாகனங்களை எல்லாம் கையைக் காட்டி ஒதுக்கிவிட ஆரம்பித்தார். அன்றைக்கு அவருடைய மகளுக்கு நிக்காஹ். மத்தியானத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டியவர். நான் இரண்டு தடவை நினைவூட்டினேன். மூன்றாம் தடவை அவர் மனைவியே போனில் நினைவூட்டினார். அவர் போனைக் காதில் வைக்காமல் தள்ளிப் பிடிப்பவர், எனக்கும் கேட்டது.

“ஊராங்க லொறிக்கெல்லாம் காவல் நிக்கிறீங்க. ஒங்க மக, வாப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டு ஈக்கா.”

“பொடியன் தனிய ஈக்கான் புள்ள. வளைவு வேற. தூக்குற வண்டி வந்துரட்டும்.”

“நானும் கலியாணம் கட்டின நாள்ல இருந்து தனியத்தான் ஈக்கேன். எனக்கு எந்த வண்டி வரப்போவுது?”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பந்தலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு பெரிய சஹன் தாலத்தில் சோறு கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். எனக்கு இறைச்சியைத் தள்ளி வைத்தாள். அவர் பக்கம் பார்க்கவேயில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தத் தாலத்தில் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றார். திரும்பி வரும் வழியில், “அந்தப் பொடியன்ட கை நடுக்கம் நின்னுச்சு, பாத்தியா?” என்று என்னைக் கேட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் அவரோடு இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

தோட்டத்துக்குக் கொண்டுபோனது வீதி போடுகிற கொந்தராத்துக்காரர் ஒருவரின் டிரெய்லர். வேலையாட்கள் படுப்பதற்காக அதன்மேல் தகர அறை கட்டி, நான்கு கட்டில்கள் பூட்டியிருந்தார்கள். பலாபத்வலைக்கு மேலே அந்த இறப்பர் தோட்டத்தில் மண் சரிந்து லயத்து வீடுகளில் பாதி போயிருந்தது. மிஞ்சிய குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் இருந்தன. மரியதாஸ் என்கிறவரின் மனைவிக்கு முதுகெலும்பில் அடி. இனி அசையாமல் நேராகப் படுத்திருந்தால் போதும், வீட்டிலேயே இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீடுதான் இல்லை. பாடசாலையில் வாங்குகளை ஒட்டிப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கொந்தராத்துக்காரர் இரக்கப்பட்டு டிரெய்லரைக் கொஞ்ச காலத்துக்குத் தந்தார். இழுத்துக்கொண்டுபோய் இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும் என்பது எங்கள் மொதலாளியின் பேச்சு.

தோட்டத்தில் சமமான இடம் பெரட்டுக்களம் ஒன்றுதான், காலையில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற இடம். அதுவும் பார்வைக்குத்தான் சமம். டிரெய்லரை நிறுத்தியதும் ஒரு பக்கம் சரிந்து, மூக்கும் தாழ்ந்து நின்றது. நானா தரையில் படுத்துப் பார்த்தார். மேட்டுப் பக்கத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார். நானும் மரியதாஸும் வெட்டினோம். லொறியைப் பின்னால் எடுத்து அந்தச் சக்கரங்களை அதற்குள் இறக்கியதும் பக்கச் சரிவு போயிற்று. பிறகு முன்பக்கம். கால்களை இறக்கினோம், பூட்டைத் திறந்தோம். வழக்கம்போல ஒரு முழம் நகர்த்திவிட்டுக் குந்தினார். லயத்துப் பெண் ஒருத்தி கொண்டுவந்த பிளேன்டீயில் அவர் வாய் வைத்தது ஒரு தடவைதான்.

“இறங்குது” என்றார்.

இடது கால் ஈரமண்ணில் சப்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய ரயில்பாதைச் சிலிப்பர் கட்டை ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தோம். கட்டையோடு போயிற்று. காலும் வளைந்துவிட்டது. அவர் லொறியைத் திரும்பவும் மூக்கின் அடியில் விட்டு, பூட்டைப் போட்டு, முன்பாரத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டார்.

இப்போது லொறியை வைத்துத்தான் மட்டம் எடுக்க வேண்டும். லொறியின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் மெதுவாகப் பின்னால் ஏற்றினால் தட்டு உயரும், தட்டோடு மூக்கும் உயரும். டிரெய்லரும் கூடவே அரை அடி நகரும். அதற்காகத்தான் பள்ளத்தை முதலிலேயே நீளமாக வெட்டச் சொல்லியிருக்கிறார். பாதித் தண்ணீர் நிறைத்த போத்தல் ஒன்றை உள்ளே தரையில் படுக்கப்போட்டு, மரியதாஸ் அதைப் பார்த்துச் சொன்னார். நான் வெளியே நின்று தகரத்தில் தட்டினேன். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில்.

“இன்னும் கொஞ்சம்… இன்னும்… ஹரி ஹரி ஹரி, சரி!” என்று உள்ளேயிருந்து மரியதாஸ் கத்தினார்.

ஒரு தட்டு. தண்ணீர் போத்தலில் நேராக நின்றது. பெண்ணைப் பலகையோடு தூக்கிவந்து, மூக்குப் பக்கம் தலை வைத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நாங்கள் கை கழுவப் போனோம்.

“நானா” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “தலைப்பக்கம் எறங்குதுங்க.”

மரியதாஸுக்கு வெட்கமாகிவிட்டது. “போத்தல் சரியாத்தானே இருக்கு. நாள் முழுக்க மனுசங்க பாடுபட்டிருக்காங்க, இவளுக்கு ஒரு கொறை.”

“போத்தலா இங்க படுக்கப்போவுது? நான்தானே படுக்கப்போறேன்.”

நானா வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “போத்தல வெளிய எறி மவன். தலைப்பக்கத்துக்கு இன்னொரு பலக.”

இன்னொரு பலகை வைத்து ஏற்றினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். “இப்ப நிக்குது” என்றாள். பிறகு பார்த்தால் அந்தக் கட்டிலையே கொஞ்சம் சரிவாகத்தான் பூட்டியிருந்தார்கள்.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் தலைப்பக்கத்தைப் பற்றித்தான். அது, லொறியைக் கழற்றி இழுத்ததும் அந்த டிரெய்லரின் மூக்கு மண்ணில் குத்திய அன்று. உள்ளே கட்டிலில் இருந்தவள் தலைகீழாக வழுக்கிக் கிடந்தாள். அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த மனுசன் தொப்பியைக் கூடக் கழற்றாமல் உள்ளே புகுந்தார். என்னைப் பார்த்தார். “தலைப்பக்கத்த நீ புடி. ஆட்டாமப் புடி.” திட்டவில்லை. அவளைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை. அவர் திட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய நாட்களைச் சொல்ல வேண்டும்.

லொறி அங்கேயே நின்றுவிட்டது. அதுதான் இப்போது டிரெய்லரின் கால். நானா லொறிக்குள் படுத்தார், நான் டிரெய்லரின் அடியில். விடிந்ததும் அவர் தகரத்தில் தட்டிக் கேட்பார்.

“தங்கச்சி, ராவு மழையில அசைஞ்சிச்சா?”

“இல்லைங்க நானா. கப்பல் நேராப் போவுது.”

“கப்பலுக்கு கேப்டன் நீதான். சரிஞ்சா சொல்லு.”

மொதலாளி தினமும் சிங்களத்தில் கத்துவார். இன்னொரு டிரெய்லர் தம்புள்ளையில் ஏற்றி நிற்கிறது, லொறி இல்லை என்று. நானா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார். கால் நிற்கட்டும், வருகிறேன்.

கால் நிற்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். மரியதாஸின் மச்சான் ஒருவர் வஹகோட்டையில் மேசன் பாஸ், கொத்தனார். அவர் சீமெந்து கொண்டுவந்தார். சரிந்த லயத்துக் கற்களைச் சுமந்துவந்து, மூக்கின் அடியில் ஆழமாகத் தோண்டிக் கல்லடுக்கி, கொங்ரீட் கொட்டி ஒரு தூண் எழுப்பினோம். பாஸ் போகும்போது நானாவிடம் சொன்னார், நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஒரு கிழமைக்கு இதுமேல பாரம் ஏத்திறாதீங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும். உள்ளுக்குப் பச்சையாத்தான் இருக்கும்.”

ஒரு கிழமை. ஏழு நாள் எனக்கு ஒரு வருசம் மாதிரிக் கேட்டது. வந்த நாளிலிருந்து அந்த மக்களின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். அவர்களுக்கே அது போதாது. மொதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் நாட்சம்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டார். கொங்ரீட் கொட்டிய மறுநாள் நானாவிடம் கேட்டேவிட்டேன்.

“நானா, நம்ம வேல கொண்டாந்து இறக்குறதோட முடிஞ்சுதுங்களே. இனி அவங்க பாடுதானே.”

“முடிஞ்சுதுதான் மவன்.”

“அப்ப?”

“ஒன்ன நான் புடிச்சி வைக்கல்லயே. நீ போ.”

“நீங்க?”

“கால் இன்னும் நிக்கல்ல.”

கோபத்தோடு சொல்லியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன், சண்டை பிடித்துக்கொண்டாவது. அவர் சாதாரணமாகச் சொன்னார். அன்று பின்னேரம்தான் போனை வாங்கிக்கொண்டு பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பலாபத்வலையில் பழக்கமான சில்லறைக் கடையில் போனைப் போட்டேன். கொஞ்சம் உயிர் வந்ததுமே அது அடிக்க ஆரம்பித்தது. கடைக்காரர், “தம்பி, ஒங்க போன் கத்துது” என்றார். என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்தேன்.

மொதலாளி. நானா எங்கே என்று கேட்டார். மேலே இருக்கிறார், நான் கூட நிற்கிற ஆள் என்றேன். அந்தத் தூண் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“கொங்ரீட் போட்டாச்சு மொதலாளி.”

“அப்போ வேலை முடிந்தது?”

இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் கத்துவார், நான் நானாவின் பக்கத்தில் நின்று பதில் சொல்கிறவனாக ஆக வேண்டும். நானோ அங்கிருந்து போய்க்கொண்டிருக்கிறவன்.

“முடிஞ்சுது மொதலாளி.”

போனை வைத்துவிட்டார். மேலேயிருந்து நானா வந்து கேட்டால் கொடுங்கள் என்று சொல்லி அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறேன் என்று தீர்மானம் எதுவும் கிடையாது. கையில் இருந்த காசு நாலந்தா வரைக்கும்தான் போதும் போலிருந்தது, அங்கே இறங்கினேன். வீதியோரச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவித் தருவதாகச் சொல்லி ஒரு பார்சலும், பின்னால் விறகுக் கொட்டிலில் படுக்க இடமும் கேட்டு வாங்கினேன்.

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன லொறி வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் கை முகம் கழுவி, கிழங்கு ரொட்டியும் டீயும் கேட்டு உட்கார்ந்தார். தமிழ்க்காரர், என்னைவிட மூத்தவர், பட்டறையில் நான் பார்த்திராத முகம். பக்கத்தில் இன்னொரு டிரைவர். சாப்பிட்டுக்கொண்டே கடைக்காரரிடம் கேட்டார்.

“அண்ணே, பலாபத்வலைக்கு மேல மண் சரிஞ்ச இறப்பர் தோட்டத்துக்கு எந்தப் பாதையால ஏறணும்?”

கடைக்காரருக்குத் தெரியவில்லை. தும்புத்தடியை வைத்துவிட்டு நான்தான் சொன்னேன். தேவாலயத்தைத் தாண்டி, பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம்.

“அந்த எடம் ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அங்க எங்க மொதலாளியோட லொறி ஒன்னு நிக்குது. ஓட்டிட்டுப் போன மனுசன் விடுறானில்லையாம். இப்ப கொங்ரீட் தூண் கூடக் கட்டியாச்சாம், இன்னும் வராம இருக்கானாம். வேற சாவி எங்ககிட்ட இருக்கு. கூட வர்ற பையன் இன்னைக்கு வரல்ல. நீ வர்றியா? ஒரு நாள் வேல. பிடிச்சா நாளைக்கும்.”

உள்ளே பச்சையாக இருக்கும் என்று பாஸ் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்படியும் அந்தப் பெண்ணை முதலில் வெளியே தூக்கி வைத்துவிட்டுத்தானே கழற்றுவார்கள் என்றும் நினைத்தேன். பசித்த வயிறு இல்லை, ஒரு பார்சல் தின்றிருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

“அந்த ஆளு எந்நேரமும் லொறியிலயேதான் இருக்கானா?” என்று இரண்டாவது டிரைவர் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பள்ளிக்கு எறங்குவாரு.”

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான் என்று அப்போது பட்டது. அவர் சுவரில் தொங்கிய கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு வெள்ளி. மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இரண்டு பேரும் எழுந்தார்கள்.

“பூட்டுக் கழட்டத் தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு, கொட்டிலுக்குப் போய் என் பையை எடுத்துவந்து லொறியின் பின்னால் ஏறினேன்.